ரேடியோ நெல்

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் வெளியிட்ட ஏ.டி.டி. 27 ரகத்தைத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பால் பரவியதால் அப்பெயர்.

1939இல் தொடங்கிய அந்நிலையத்தைப் பின்னாளில் நாம் 936 கிலோஹெர்ட்ஸில் கேட்டோம். வீச்சுப் பண்பேற்றத்தில் ஊர்தி அலையின் அதிர்வெண் மாறுவதில்லை. குரலுக்கேற்ப அதன் வீச்சு மட்டுமே கூடிக் குறைகிறது. அதிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க ஒரு டையோடு போதும். எளிய கருவியே குடிசைவரை சென்றது. பகலில் மத்திய அலை நிலத்தை ஒட்டியே பயணிக்கிறது. ஈர மண் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அதன்மேல் அலை தேய்வதும் குறைவு. நீர் நின்ற நம் வயல்கள் நெல்லுக்கு மட்டுமன்றிக் குரலுக்கும் நன்னிலமாயின.

ஆனால் மின்னலின் இரைச்சலும் வீச்சு மாற்றமாகவே வந்து சேர்கிறது. குரலையும் இரைச்சலையும் கருவி வேறுபடுத்துவதில்லை. புதிய விதையோடு உரமும் பூச்சிமருந்தும் வந்தன. விளைச்சல் பெருகியது, பசி தணிந்தது. குழியடிச்சான் போன்ற பழைய நெல்வகைகள் நம் பத்தாயங்களிலிருந்து மெல்ல மறைந்தன. அன்று கேட்டவற்றுள் குரல் எது, இரைச்சல் எது என்று பிரித்தறியும் வேலை இன்னும் நம்மிடமே இருக்கிறது.