தோட்டத்து உபதேசியாரும் திருவிருந்து மேசையும்

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி ஆலயம் 1878-இல் வெள்ளைத் துரைமாருக்காக எழுந்தது. தோட்டத் தொழிலாளரின் வழிபாடோ கட்டடத்தை நம்பி வளரவில்லை. 1854-இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் தமிழ்க் கூலி மிஷன் உபதேசியார்களைக் கொண்டே அவர்கள் குடியிருந்த லயங்களை எட்டியது. 1927-இல் இலங்கைத் தமிழரிடையே பணி தொடங்கிய லுத்தரன் திருச்சபைக்கும் மலையகத்தில் அதே நிலைதான்: மலைக்கு மலை சிதறிய சிறு சபைகள், பல சபைகளுக்கு ஒரு போதகர். ஆராதனையை உபதேசியார் நடத்திவிடலாம். திருவிருந்து போதகர் வரும் ஞாயிறுவரை காத்திருக்கும். தோட்டத்திலேயே வாழும் உபதேசியாரைப் பயிற்றிக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்பதே இந்த மலைகளைப் பார்த்தபின் என் துணிபு.

அந்தப் பயிற்சி குரல் வளத்தைக் கேட்பதில்லை, அடக்கத்தைக் கேட்கிறது. சபையோடு சேர்ந்து ஜெபிக்கையில் பீடத்தை நோக்கியும், பாவமன்னிப்பையும் ஆசீர்வாதத்தையும் கூறுகையில் சபையை நோக்கியும் திரும்புவது லுத்தரன் முறைமையின் பழைய ஒழுங்கு. எப்போது மக்களுக்காகப் பேசுகிறோம், எப்போது கடவுளுக்காகப் பேசுகிறோம் என்பதை உடம்பே அறிந்திருக்க வேண்டும். ஞானஸ்நானத்தில் தண்ணீரும் திரித்துவ நாமமும் பிசகக் கூடாது. திருவிருந்தில் இயேசுவின் வார்த்தைகள் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். மிஞ்சிய அப்பத்தையும் இரசத்தையும் பயபக்தியோடு கையாளத் தெரிய வேண்டும். அனுபவமுள்ள போதகரின் பக்கத்தில் நின்று பழகினால்தான் இதெல்லாம் கைக்கு வரும்.

முறையாக அழைக்கப்படாதவர் திருச்சபையில் போதிக்கவோ சாக்கிரமெந்துகளை நடத்தவோ கூடாது என்று லுத்தரன் திருச்சபையின் விசுவாச அறிக்கையான 1530-ஆம் ஆண்டின் அகஸ்புர்க் அறிக்கை 14-ஆம் பிரிவில் சொல்கிறது. என் யோசனை அதைத் தளர்த்துகிறது என்று சிலர் அஞ்சலாம். அந்தப் பிரிவு கேட்பது முறையான அழைப்பை. இத்தனை ஆண்டு கல்லூரிப் படிப்பு என்று அது வரையறுக்கவில்லை. தரங்கம்பாடியில் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் உபதேசியாராக உழைத்தவர். உயிருக்கு ஆபத்தான வேளையில் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருவிருந்துக்கு அப்படி ஓர் அவசர விதி கிடையாது. ஆகவேதான் பட்டம் கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுக்கும் குறுக்குவழியை நான் ஏற்கவில்லை.

இதே அறிக்கையின் 25-ஆம் பிரிவு, முன்கூட்டி விசாரிக்கப்படாதவர்களுக்குத் திருவிருந்து கொடுக்கும் வழக்கம் இல்லை என்கிறது. எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றிருக்கிறார்கள், எந்த வீட்டில் குடி புகுந்திருக்கிறது என்பது பக்கத்துக் காம்பராவில் வாழ்பவருக்குத் தெரியும்; எப்போதாவது வந்து போகிறவரிடம் யார் சொல்லப் போகிறார்கள்? தன் ஆட்களையே விசாரிக்கையில் பாரபட்சம் வரலாம். அதற்குத்தான் மூத்த போதகரின் மேற்பார்வை.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பள்ளிக்கூடம் முதல் வீடுவரை மலையக மக்களுக்கு எப்போதும் இரண்டாந்தரம்தான் கிடைத்தது, போதகரும் அப்படியா? இந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்திலும் அகஸ்புர்க் அறிக்கையிலும் பிரசங்கத்திலும் மற்றப் போதகர்களுக்கு உள்ள அதே சோதனை இவர்களுக்கும் வேண்டும். பட்டமும் சம்பளமும் அதேதான். மாற வேண்டியது பாடம் நடக்கும் இடமும் நேரமும். கொழுந்து நிறுத்து முடிந்த மாலைகளில் ஆசிரியர் மலையேறி வரட்டும்.