சுவரைச் சாட்டிச் சொன்னாள்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் ஏறியபோது எனக்குப் பத்து வயது. 1970. சுண்ணாம்பு அடித்த சுவரில் தலைகீழ் முக்கோணம், பக்கத்தில் அப்பா, அம்மா, பையன், பெண் என்று நான்கு முகங்கள், கீழே 'நாம் இருவர் நமக்கு இருவர்'. பெயிண்டர் எழுதி முடிக்கிற வரைக்கும் பையன்கள் அங்கேயே குந்தியிருந்தோம். குடத்தோடு போன பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று கடந்து போனார்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது பிரசவத்தில் அம்மா பிழைத்ததே பெரிய காரியம். சில மாதம் கழித்து, அப்பா சாப்பிட்டுக் கை கழுவும் நேரம் பார்த்து அப்பத்தா கேட்டாள்: "ஏப்பா, பஞ்சாயத்துச் செவுத்துல என்னமோ எழுதிப் போட்டிருக்காகளே, பாத்தியா?" அவளுக்கு எழுத்துத் தெரியாது. முகங்களை எண்ணத் தெரியும். பெற்ற மகனிடம் நேராகச் சொல்ல நாக்கு எழாததை, சுவரைச் சாட்டிச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் அம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டாள்.

குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952-லேயே வந்துவிட்டது. 1968-இல் நிரோத் ஆணுறை, தேயிலையும் சோப்பும் விற்ற கம்பெனிகளின் வழியே பெட்டிக்கடை வரை இறங்கியது. இவ்வளவு இருந்தும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழ ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கைக் கொடுத்ததுதான் அந்த விளம்பரம் செய்த பெரிய உபகாரம் என்பேன்.

அதே முக்கோணம் பயமுறுத்தவும் செய்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே வருடத்தில், நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. வடக்கே பல ஊர்களில் ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆட்சி மாறிய பிறகு, 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லையே விட்டு 'குடும்ப நலம்' என்று சொல்ல வேண்டி வந்தது. சுவர் எடுத்துச் சொல்லலாம், அதட்டக் கூடாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986-இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரின் பரிசோதனையில். அந்த நோயின் பெயரை வீட்டில் உச்சரிக்கவே கூசினோம். 2003 வாக்கில் தெருவெங்கும் விளம்பரமாக ஒரு கேள்வி முளைத்தது: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' யார் இந்த ராஜா என்று டீக்கடையில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள். ராஜா என்று பெயர் கொண்டவர்கள் பாவம், கேலியில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் மனம் நொந்தது நியாயம்தான். ஆனாலும் வாய்க்குள்ளேயே கிடந்த சொல் தெருவுக்கு வந்துவிட்டது. நாலு முகத்தைக் காட்டி நின்ற சுவர் இப்போது கேள்வி கேட்கக் கற்றிருந்தது.

போலியோ சொட்டு மருந்து இன்னொரு பாடம். 1995-இல் நாடு தழுவித் தொடங்கியது. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமியோடு நோய் நின்றது. டிவியில் நடிகர்கள் சொன்னார்கள், வாஸ்தவம். ஆனால் சொன்ன நாளில் அடுத்த தெருவில் மேஜை போட்டு ஆள் உட்கார்ந்திருந்தார். வராத வீட்டுக்குத் தேடியும் வந்தார்கள். பின்னால் ஆள் இல்லாத விளம்பரம் வெறும் சாயம்.

இப்போது செய்தியெல்லாம் கைபேசிக்கு வந்துவிட்டது. 2020-இல் இருமலோடு ஒலித்த கொரோனா அறிவிப்பு ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக விழுந்தது. சுவரை ஊரே சேர்ந்து பார்த்தது. அந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது.

காரணம் உண்டு. பிள்ளை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றால் இன்றைக்கும் 'வயசுக் கோளாறு' என்று மூடி வைக்கிறோம். நம் காலத்தின் பேச முடியாத பேச்சு அதுதான். 2022 அக்டோபரில் டெலி-மனாஸ் என்ற மனநல உதவி எண்ணை மத்திய அரசு தொடங்கியது: 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் ஆள் இருக்கிறார்.

ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிக்கூட மதிலிலும் அந்த எண்ணைப் பெரிதாக எழுதச் சொல்லி உங்கள் ஊர்க் கிராம சபையில் கேளுங்கள். பேரனிடம் நேராகக் கேட்க நாக்கு எழாத பாட்டி, சுவரைக் காட்டியாவது கேட்கட்டும்.