வேற்றுக் கிரகத்தாரும் குழாயடியும்

வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வரும் கதை தமிழருக்குப் புதிதன்று. 1963-ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் அவர்கள் வந்தனர். தங்கள் உலகத்தாருக்குச் சங்கீதம் கற்பிக்க நம் பாடகியைத் தூக்கிச் சென்றனர். நம்மவர்க்குப் பெருமை தாங்கவில்லை. 2017-ல் வெளிவந்த ருஷியப் படமொன்றோ மனிதனின் பெருமையைப் பேசாமல் அவனுடைய சிறுமையைப் பேசுகிறது.

பியோதர் பொந்தார்ச்சுக் இயக்கிய அப்படத்தின் பெயருக்கு ‘ஈர்ப்பு’ என்று பொருள். விண்கப்பலொன்றை ருஷிய விமானப்படை சுடுகிறது. அது மாஸ்கோவின் செர்தானோவோ பகுதியில் வீடுகளை நொறுக்கிக்கொண்டு விழுகிறது. மாண்டவர் பலர், உற்றாரை இழந்தவரின் துயரம் பொய்யன்று. ஆயினும், வந்தவர் படையெடுத்து வந்தவரல்லர். கப்பலைச் செப்பனிட்டுத் திரும்பிப் போக விழைபவர். அக்கப்பலுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே ஊரில் தண்ணீர் அருகுகிறது. உடனே ஆர்த்தியோம் என்னும் இளைஞன், பூமி நமக்கே உரியதென்று கூட்டம் சேர்க்கிறான். படையெடுத்தவர் யார் என்று பார்த்தால், மண்ணின் மைந்தர்களே!

இது வெறுங்கற்பனையுமன்று. 2013-ல் அதே மாஸ்கோவின் பிரியுலியோவோவில் ஓர் இளைஞன் கொலையுண்டான். குற்றம் செய்தவனைத் தேடுவதை விட்டு, பிறநாட்டுத் தொழிலாளர் பிழைத்து வந்த காய்கறிக் கிடங்கின்மேல் கும்பல் பாய்ந்தது.

நிற்க. மாஸ்கோவை ஏசுவது எளிது. நமது குழாயடியைப் பார்ப்போம்.

கேமரன் மலையில் காட்டை அழித்துத் தேயிலை நட வந்தவர் நம் பாட்டன்மார். இன்றும் நம்மைச் சிலர் ‘பெண்டாத்தாங்’, அதாவது வந்தேறி, என்று ஏசினால் நம் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் இன்று கொழுந்து பறிக்கவும் மருந்து அடிக்கவும் வங்காள தேசத்தாரும் நேபாளியரும் வந்திருக்கின்றனர். வறட்சி கண்ட ஒரு மாதத்தில், “அவர்கள் வந்துதான் தண்ணீர் போயிற்று” என்று லயத்தில் பேச்சு எழுந்தது. ஊற்று வற்றியதைச் சொல்வார் இல்லை. நம்மவர் முதலில் பிடிப்பது, மற்றவர் இரவு ஒன்பதுக்குமேல் பிடிப்பது என்று முடிவாயிற்று. அந்த அட்டவணையை எழுதிய கிராணி நாமே. துரை சொல்லவில்லை, நம்மவர் கேட்டனர், நாம் எழுதினோம்.

நாள் முழுதும் மருந்தடித்த கையைக் கழுவவும் வழியின்றி, குளிரில் வாளியோடு நின்ற பிள்ளைகளைக் கண்டும் ஒரு வாரம் வாளாவிருந்தோம். பிறகொரு நாள் இப்படத்தைக் கண்டபோது, ஆர்த்தியோமின் முகத்தில் நமது சாயல் தெரிந்தது.

மறுநாள் அட்டவணையைக் கிழித்து, வந்த வரிசைப்படி பிடிக்கலாமென்று எழுதி ஒட்டினோம். இரண்டு வீட்டார் இன்றுவரை நம்மோடு பேசுவதில்லை. தோழர்களே, சுயமரியாதை என்பது நமக்கு மட்டும் கேட்கும் வரம் அன்று. அடுத்தவன் வாளிக்கும் அதில் இடமிருக்க வேண்டும்.