இருக்கைப் பையில் ஒரு கடை

முன் இருக்கையின் முதுகுப் பையில் அந்தக் காலத்தில் பாதுகாப்பு அட்டை இருக்கும், குமட்டினால் எடுத்துக்கொள்ள ஒரு காகிதப் பை இருக்கும், விமானக் கம்பெனியின் மாத இதழ் இருக்கும். அதற்கும் பின்னால், வழவழப்பாக, ஓரம் மடங்கி, எனக்கு முன்னால் உட்கார்ந்து போனவர்களின் விரல் ரேகையெல்லாம் தாங்கி, ஸ்கைமால் இருக்கும். தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் அமெரிக்காவுக்குள் பறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆகாயத்தில் உட்கார்ந்தபடி பொருள் வாங்குவதற்கான விலைப் புத்தகம் அது. வேலைக்காக அரிசோனாவில் குடியேறிய எனக்கு, அந்த ஊர் மக்கள் எதற்கெல்லாம் ஆசைப்படுகிறார்கள் என்பதை முதலில் சொன்னது அதுதான்.

எங்கள் பீனிக்ஸ் நகரத்தில் பிறந்தது என்பதால் கூடுதலாக ஒரு பாசம். 1989-ல் பாப் வோர்ஸ்லி என்பவர் தொடங்கினார். முதலில் அவர் கண்ட கனவே வேறு. அப்போது இருக்கையின் முதுகில் ஏர்ஃபோன் என்ற தொலைபேசியைப் பதித்திருப்பார்கள்; கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பறந்துகொண்டே பேசலாம். அதில் கூப்பிட்டுப் பொருளைச் சொல்லிவிட வேண்டியது. விமான நிலையத்தை ஒட்டிய கிடங்கிலிருந்து அது கிளம்பி, நீங்கள் இறங்கும்போது கையில் வந்து சேரும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் பெட்டியோடு இறங்கி வீட்டுக்கு ஓடத் துடிக்கிறவன் இன்னொரு பெட்டியைச் சுமக்க விரும்புவானா? பணம் கரைந்தது. சில ஆண்டுகளில் அவர் வழியை மாற்றினார். ஹாமாக்கர் ஷ்லெம்மர், ஷார்ப்பர் இமேஜ் போன்ற கடைகள் காசு கொடுத்துப் பக்கங்களை வாங்கின. பொருள் தபாலில் வீட்டுக்கே வந்தது. விற்பனையில் விமானக் கம்பெனிக்கும் ஒரு பங்கு போனது. அதன் பிறகுதான் கடை காலூன்றி நின்றது.

அது நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தாயிரம் அடிக்குக் கீழே எந்த மின்னணுக் கருவியும் இயங்கக் கூடாது என்பது அப்போதைய விதி. ஏறும்போதும் இறங்கும்போதும் மடிக்கணினியை மூடு, பாட்டை நிறுத்து. ஓடுபாதையில் வரிசையில் நிற்க நேர்ந்தால் நேரம் இன்னும் நீளும். அப்போது கம்பெனி முதலாளியும் காலேஜ் பையனும் ஒரே புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். "நான் வாங்கியிருக்கிறேன், நன்றாக உழைக்கிறது" என்று பேச்சு தொடங்கும். அப்படிப் பேசியவர்களின் பெயர் தெரியாது, குரல் நினைவிருக்கிறது.

தோட்டத்தில் வைக்கும் யெட்டி என்னும் பனிமனிதன் சிலையைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். என்னை இழுத்தவை மின்சாமான்கள். இருட்டில் அறையின் உட்கூரையில் மணியைச் சிவப்பு எழுத்தில் காட்டும் கடிகாரம். கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸிலிருந்து வரும் வானொலி அலையைப் பிடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம் வேறு. சாவிக்கொத்தைத் தொலைத்தால் கீச்சிட்டுக் கூப்பிடும் வில்லை. பல மொழி பேசும் கையடக்க மொழிபெயர்ப்பான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதனின் சின்னத் தொந்தரவு இருந்தது: தூக்கம் வராதவன், மறதிக்காரன், முதுகு வலிக்கிறவள், அந்நிய ஊரில் வழி கேட்கத் தயங்குகிறவள். வரலாற்றுப் புத்தகம் எதுவும் இந்தத் தொந்தரவுகளைக் குறித்து வைக்காது. ஸ்கைமால் குறித்து வைத்தது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒருமுறை சிகாகோவுக்கு அழைத்துப் போனேன். ஆங்கிலம் படிக்காவிட்டாலும் படங்களைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

"ஏன்டா, நாய்க்குப் படிக்கட்டா?"

"வயசான நாய் கட்டில்ல ஏறணும்லம்மா."

"பாவம், அதுக்கும் முட்டி வலிக்கும்ல" என்றார், தன் முட்டியைத் தடவிக்கொண்டே. அப்புறம் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். பழைய கேசட்டைப் போட்டால் அதிலிருக்கும் குரலைக் கணினிக்கு மாற்றித் தரும் பெட்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள் என்னிடம் கிடந்தன. அவற்றில் அப்பத்தாவின் குரல் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "இத வாங்குடா, காசப் பாக்காத" என்றார் அம்மா. வாங்கினேன். அப்பத்தா மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் சொல்கிற குரல், பின்னால் சேவல் கூவுவதோடு சேர்த்து, இன்று என் பிள்ளைகளிடமும் இருக்கிறது.

விமானத்தில் விற்ற கருவிகளில் இரைச்சலை அடக்கும் ஹெட்போனுக்குத் தனி மரியாதை உண்டு. போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு அந்த யோசனை வந்ததே விமானத்தில்தான். 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் திரும்பிக்கொண்டிருந்த அவர், விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். எஞ்சின் இரைச்சலில் இசை காதில் ஏறவில்லை. இரைச்சலுக்கு எதிரலை அனுப்பி அதை அழிக்க முடியுமா என்று அங்கேயே காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் கல்கத்தாவிலிருந்து தப்பி வந்த ஒருவரின் மகன் அவர். அந்தக் கணக்கு, சாதாரணப் பயணி வாங்கும் குவயட்கம்ஃபர்ட் ஹெட்போனாக 2000-ல்தான் கடைக்கு வந்தது.

சென்னைக்கு வரும் விமானங்களில் கடை வேறு மாதிரி. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தபின் ட்யூட்டி ஃப்ரீ வண்டி வரும். சென்ட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே கைக்கடிகாரம், கால்குலேட்டர், அடாப்டர். துபாய் வழியாக வரும்போது மிச்சமிருக்கும் திர்ஹாம்களை மடியில் பரப்பி எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "அண்ணே, பத்து வயசுப் பையனுக்கு இந்த வாட்ச் சரியா இருக்குமா?" என்று ஒருவர் கேட்டார். "பெல்ட்டுல இன்னும் ரெண்டு ஓட்டை போட்டாச் சரியாப் போகும்" என்றேன். பணிப்பெண் பெட்டியைத் திறந்து, கடிகாரத்தைத் தன் மணிக்கட்டில் வைத்து அவருக்குக் காட்டினார். ஊருக்கு எடுத்துப் போகும் சாமான் எல்லாம் முன்பே கட்டியாகிவிட்டது. இது கடைசி நிமிடத்தில், வானத்தில், மகனை நினைத்து வாங்கியது. அதன் மதிப்பு வேறு.

2013 அக்டோபர் 31 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தப் பழைய விதியைத் தளர்த்தியது. ஏறும்போதும் இறங்கும்போதும் கருவிகள் கையில் இருக்கலாம் என்றாயிற்று. வைஃபையும் பரவிவிட்டிருந்தது. கடிகாரம், மொழிபெயர்ப்பான், வழிகாட்டி என்று ஸ்கைமால் பக்கம் பக்கமாக விற்றதில் பாதி, ஒரே கைபேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 2015 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ட்யூட்டி ஃப்ரீ வண்டியையும் நிறுத்தியது. வளைகுடா விமானங்களில் இன்னும் விற்கிறார்கள். என் பயணங்களில் வாங்குகிறவர்களைக் காண்பதுதான் குறைந்துவிட்டது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. கைபேசி எனக்குப் பிடித்ததை மட்டும் காட்டுகிறது. நாயின் முட்டிவலியை அது எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

ஸ்கைமால் புத்தகத்தைப் பயணிகள் அப்போது இலவசமாக வீட்டுக்கு எடுத்துப் போக முடிந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த உங்கள் மகனோ மருமகளோ எடுத்து வந்த ஒரு பிரதி பரணில் கிடக்கலாம். விளம்பரப் புத்தகம்தானே என்று பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள்.