நழுவுகிற துணி

அலுவலகத்தில் நாம் அச்செடுக்கும் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை. பட்டு ஷிஃபான் அதில் பாதிகூட வராது. பட்டின் கனத்தை ‘மோமே’ என்ற ஜப்பானிய அளவில் சொல்வார்கள். ஒரு மோமே என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். எங்கள் நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் டைட்டானியாவுக்காக வாங்கிய துணி 8 மோமே, அதாவது ஏறக்குறைய 35 கிராம். கத்தரியின் கீழ்வாய் உள்ளே நுழைந்ததுமே அது ஒரு பக்கமாக ஓடிவிடும். நேராக வெட்டிவிட்டோம் என்று எடுத்துப் பார்த்தால் ஓரம் காவிரிக்கரை மாதிரி வளைந்து வளைந்து போயிருக்கும்.

முதுகலை படிக்க கிளாஸ்கோவுக்கு வந்து, கணினி ஆலோசகனாக இங்கேயே தங்கிவிட்டவன் நான். இந்த அமெச்சூர் குழுவில் ஒளியமைப்புக்கு உதவத்தான் முதலில் சேர்ந்தேன். உடை அறையில் ஆள் போதவில்லை என்று ஒரு மாலை அங்கே உட்கார வைத்தார்கள். ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ஆம்பிளைப் பிள்ளை தையல் மிஷின் முன்னால் உட்காரலாமா என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

உடை அறையை நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டிய ஸ்காட்லாந்துப் பெண்மணி. மெல்லிய துணியை மடித்து வெட்டவே கூடாது என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். கீழே ஒரு மெல்லிய தாள், மேலே ஒரு தாள், நடுவில் ஒற்றை மடிப்பாகத் துணி. மூன்றையும் சேர்த்து வெட்ட வேண்டும். குண்டூசி மெலிதாக இருக்க வேண்டும், அதையும் தையலுக்குள் போகிற ஓரத்தில்தான் குத்த வேண்டும். மிஷினுக்கு 60-ஆம் எண் ஊசி. தையலை முதலில் வெளிப்புறம் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கி, திருப்பி மறுபடியும் ஒரு தையல் போட்டால் பிசிறு உள்ளே அடைபட்டுவிடும். ஷிஃபானில் எல்லாமே வெளியே தெரியும், அதனால் உள்பக்கமும் அழகாக இருந்தாக வேண்டும். குறுக்குவாட்டில் வெட்டிய பாவாடையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்ட பிறகே கீழ் ஓரம் மடிக்கலாம். துணி தன் கனத்துக்கே இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் இறங்கும். வெல்க்ரோ பக்கத்தில் வரக்கூடாது, இழையைப் பிடுங்கிவிடும். மேடையில் அவசரமாக உடை மாற்ற பிரஸ் பட்டன் போதும்.

பாலியெஸ்டர் வாங்கினால் பணம் மிச்சமாகுமே என்று நானே கேட்டிருக்கிறேன். பின்னாலிருந்து விளக்கு விழும்போது வித்தியாசம் தெரியும். பட்டு ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் திருப்பி அடிக்கும். தீ இன்னொரு காரணம். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு மெல்ல எரியும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். 1862-ல் பாரிஸ் ஓபரா ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக் கலைஞரின் மெல்லிய பாவாடை எரிவாயு விளக்கில் பற்றிக்கொண்டது. தீ பிடிக்காமலிருக்க ரசாயனத்தில் தோய்த்த துணி அப்போதே இருந்தது. அது விறைத்து மங்கிப்போகிறது என்று அவர் அணிய மறுத்திருந்தார். பல மாதம் துன்பப்பட்டு 1863-ல் இறந்தபோது வயது இருபதுதான். இன்றைக்கும் எங்கள் சண்டை அதேதான்: தீத்தடுப்புக் கரைசல் தெளித்தால் துணியின் ஓட்டம் கொஞ்சம் போகும். தெளிக்கத்தான் செய்கிறோம்.

அந்த வருடம் அப்பா தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாத விசாவில் அம்மா என்னிடம் வந்திருந்தார். கும்பகோணத்தில் முப்பது வருடம் சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்து, என் கல்லூரிக் கட்டணத்தில் பாதியைக் கட்டியவர். இங்கே வந்து ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டால் பதில் சொல்வார். வெளியே போகலாமா என்றால் “குளுருதுடா” என்பார். மே மாதத்திலும் அதே பதில்.

துணி எங்களை மீறிப்போனபோது அந்தப் பெண்மணி ஜெலட்டின் வாங்கிவரச் சொன்னார். ஜெலட்டின் தண்ணீரில் துணியை நனைத்துக் காயவைத்தால் தாள் போல நிற்கும். தைத்து முடித்து வெந்நீரில் அலசினால் பழையபடி ஆகிவிடும். பொட்டலத்தைச் சமையலறை மேடையில் வைத்திருந்தேன்.

“இது என்னடா?”

சொன்னேன்.

“எலும்புலயா? நம்ம அடுப்புலயா காய்ச்சப் போற?” வந்து மூன்று வாரத்தில் அம்மா குரல் உயர்ந்தது அப்போதுதான். “ஜவ்வரிசி இல்லையா வீட்ல?”

இருந்தது. கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வேட்டித் துண்டில் வடிகட்டி, முதலில் ஒரு துண்டு ஷிஃபானில் தடவிப் பார்த்தார். காய்ந்ததும் விரலால் சுண்டினார். “இன்னும் தண்ணி ஊத்தணும்.” மூன்றாவது துண்டுதான் அவருக்குப் பிடித்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு என்னோடு உடை அறைக்கு வந்தார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை.

இருவருக்கும் பொது மொழி கிடையாது. நான் மொழிபெயர்க்க நின்றேன், தேவைப்படவில்லை. அந்தப் பெண்மணி துண்டை வெளிச்சத்தில் பிடித்தார், கசக்கினார், வெந்நீரில் அலசினார், மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அம்மாவுக்கு இடம் விட்டார். கீழ் ஓரத்தை அம்மா கைவிரல்களால் உருட்டி உருட்டி, ஒரு இழையை மட்டும் ஊசியில் எடுத்துத் தைப்பதை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். சிறகு மடிப்புகளோடு சேர்த்துக் கிட்டத்தட்ட பதினோரு மீட்டர் ஓரம். ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த நாட்களில் அம்மா அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், தலையை நிமிர்த்தாமல். அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கேட்ட காபி, கடனாகப் போன ஆறாயிரம் ரூபாய், என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவைத்த ஒரு வலி. நான் பக்கத்தில் குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தேநீரை மட்டும் துணிக்கு எட்டாத தூரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

நாடகம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கழுதைத் தலை வைத்துக்கொண்டு ஒருத்தன் ராணி மடியில் படுத்திருக்கிறான், இதுக்கா இவ்வளவு என்றார். ஆனால் டைட்டானியா திரும்பும்போதெல்லாம் என் முழங்கையை இடித்தார்.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் 60-ஆம் எண் ஊசிப் பொட்டலங்கள் இரண்டு வைத்துக்கொண்டார். வீட்டு மிஷினில் பெல்ட் அறுந்து கிடக்கிறதே என்றேன்.

“அது நாப்பது ரூபா” என்றார்.