தொங்கு கூரையும் கூடத்தின் ஒலியும்

கான்கிரீட் தளத்துக்குக் கீழே கம்பி கட்டித் தொங்கவிடப்படும் பலகைக் கூரைக்குக் கட்டட வேலையில் ‘ஃபால்ஸ் சீலிங்’ என்பதே பேர். வயரையும் ஏ.சி. குழாயையும் மறைக்க வந்த அலங்காரம் என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். ஓர் அறையில் தரையை ஆட்களும் மேசை நாற்காலிகளும் அடைத்துக்கொள்கின்றன. சுவரில் பாதியைக் கதவும் சன்னலும் பலகையும் எடுத்துக்கொள்கின்றன. யார் கையும் படாமல், எதுவும் சாய்த்து வைக்கப்படாமல் முழுசாக மிஞ்சும் பரப்பு மேற்கூரை ஒன்றுதான். அறையின் ஒலியைத் திருத்த நினைப்பவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதனால்தான்.

திருத்த வேண்டியது பெரும்பாலும் எதிர்முழக்கம். பேசியவர் வாயை மூடிய பிறகும் ஒலி சுவருக்கும் கூரைக்கும் இடையே அலைந்துகொண்டே இருந்தால், முந்தைய அசை அடுத்த அசையின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இதை அளக்கக் கற்றுக்கொடுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் கிளெமென்ட் சாபைன். அங்கே ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேசிய சொல் ஐந்தரை வினாடி வரை நின்று ஒலித்தது. பாடம் யாருக்கும் விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு 1895-இல் சாபைனிடம் வந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உட்கவர்தலால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம் வினாடியில் கிடைக்கும்.

நம் ஊர் வகுப்பறை ஒன்றுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரம் என்றால் கன அளவு சுமார் 220 கன மீட்டர். பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை எல்லாமே தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் விழுங்கும் என்று வைத்துக்கொண்டால், வெற்றறையில் எதிர்முழக்கம் 5 வினாடி. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் அவர்களின் உடலும் உடையும் ஒலியை வாங்கி அதை 1.7 வினாடிக்குக் கொண்டுவரும். அதுவும் அதிகம், இந்த அளவு வகுப்பறை ஆளில்லாமல் இருக்கும்போதே 0.6 வினாடியைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க வகுப்பறைத் தரம். கூரை முழுவதும் 0.7 உட்கவர் எண் கொண்ட, அதாவது படும் ஒலியில் நூற்றுக்கு எழுபதை விழுங்கும் பலகையை மாட்டினால், பிள்ளைகள் இருக்கும்போது எதிர்முழக்கம் 0.56 வினாடிக்கு இறங்கிவிடும். சுவரைத் தொடவேண்டாம், கம்பளம் விரிக்கவேண்டாம். ஒற்றைப் பரப்பில் இவ்வளவு மாற்றம் வேறெங்கும் கிடைக்காது.

பலகை ஒலியை விழுங்குவது அதன் நுண்துளைகளால். கண்ணாடி இழை, பாறை இழை, சிமென்ட் கலந்த மரச்சுருள் ஆகியவற்றின் இடுக்குகளுக்குள் காற்று முன்னும் பின்னும் உராயும்போது ஒலியின் ஆற்றல் சிறு வெப்பமாகிக் கரைகிறது. உராய வேண்டுமானால் காற்று அசைய வேண்டும். சுவரையோ தளத்தையோ ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளியிருக்கும் இடத்தில்தான் அது மிக வேகமாக அசைகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்தக் கால் பங்கு எட்டரை சென்டிமீட்டர். 125 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். ஆகவே அதே பலகையைத் தளத்தில் ஒட்டினால் கீச்சொலியை மட்டும் விழுங்கும். நாற்பது சென்டிமீட்டர் இறக்கித் தொங்கவிட்டால் அடித்தொனியையும் ஓரளவு பிடிக்கும். தொங்கவிடுவதில் உள்ள லாபமே அந்த இடைவெளிதான். ஆய்வகத்தில் பலகையைச் சோதிக்கும்போதும் பின்னால் எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பதைச் சேர்த்தே சொல்வது வழக்கம். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகும் ‘என்.ஆர்.சி.’ என்ற எண்ணோ 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி மட்டுமே. தவில், மிருதங்கத் தொப்பி, ஜெனரேட்டர் உறுமல் எல்லாம் குடியிருக்கும் 125 ஹெர்ட்ஸ் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

சென்னைப் புறநகரில் கல்லூரிக் கருத்தரங்கக் கூடம் ஒன்றில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது அங்கே போயிருந்தேன். மேஸ்திரி செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். சாரத்தின் மேல் நின்ற பிள்ளைகள் பீகாரிலிருந்து வந்தவர்கள். “தோடா ஊப்பர்” என்று இந்தியில் தொடங்கி, “அங்கேயே வை, அங்கேயே வை” என்று தமிழில் முடியும் கட்டளைகள். இரு தரப்புக்கும் அது போதுமானதாக இருந்தது.

வேலை லெவலில் தொடங்குகிறது. முன்பெல்லாம் தண்ணீர் நிரப்பிய நீண்ட பிளாஸ்டிக் குழாயை நான்கு மூலைக்கும் இழுத்து மட்டம் பார்ப்பார்கள். இப்போது முக்காலியில் நிற்கும் லேசர், சுவர் நான்கிலும் ஒரே வீச்சில் பச்சைக்கோடு போட்டுவிடுகிறது. கோட்டின்மேல் வால் ஆங்கிள் அறைகிறார்கள். தளத்தில் டிரில் போட்டு ஆங்கர் இறக்கி, நான்கடிக்கு ஒன்றாகக் கம்பி தொங்கவிட்டு, அதில் மெயின் டீயை மாட்டி, குறுக்கே கிராஸ் டீக்களைச் சொருகினால் 600 மில்லிமீட்டர் சதுரக் கட்டங்கள் உருவாகின்றன. அதில் உட்காரும் பலகையின் பக்கம் 595 மில்லிமீட்டர். சாய்த்து உள்ளே விட்டு மட்டமாக இறக்குவதற்கு அந்த ஐந்து மில்லிமீட்டர் வேண்டும். ஆனாலும் தளத்தில் அதற்குப் பேர் ‘டூ பை டூ’தான்.

கட்டம் எங்கே தொடங்குகிறது என்பதில் மேஸ்திரியின் தரம் தெரிந்துவிடும். கூடத்தின் அகலம் ஏழரை மீட்டர். ஒரு சுவரிலிருந்து அப்படியே அடித்துக்கொண்டு போனால் பன்னிரண்டு முழுப் பலகை போக, எதிர்ச்சுவரில் பாதிப் பலகை மிஞ்சும். கூரை ஒருபக்கம் சாய்ந்தது போலக் கண்ணை உறுத்தும். அவர் நடுக்கோட்டிலிருந்து அளந்து பதினொரு முழுப் பலகை வைத்து, இரு ஓரத்திலும் 450 மில்லிமீட்டர் துண்டு வரும்படி நூல் அடித்திருந்தார். ஓரத்துண்டு பாதிக்குக் குறையக் கூடாது என்பது அவர் விதி. வெட்டும் பையன் பலகையின் முகத்தை மேலே வைத்து, கத்தியை ஒரே இழுப்பில் இழுத்தான். இரண்டாம் தடவை இழுத்தால் ஓரம் பிய்ந்து பஞ்சு தெரியும். கையில் வெள்ளை உறை. வியர்வைக் கை பட்டால் பலகையில் விழும் ரேகை பிறகு போகாது.

பலகைக்கு மேலே கண்ணாடி இழைப் பஞ்சு விரிக்கும் வேலைதான் யாருக்கும் பிடிக்காதது. முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துண்டைக் கட்டி, கழுத்தில் பவுடர் கொட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அப்படியும் மாலையில் அரிப்பு நிற்பதில்லை. கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கீழே தெரியும் சதுர அடி அது. மேலே பஞ்சு இடைவெளியில்லாமல் படிந்ததா, மூலையில் சுருண்டு கிடக்கிறதா என்பதற்குத் தனிக்கூலி கிடையாது, பார்ப்பாரும் கிடையாது. “டைல் போட்டா எக்கோ போயிடும்னு சொல்லித்தான் சார் விக்கிறாங்க. மேல என்ன வெச்சோம்கிறதுலதான் விஷயமே இருக்கு” என்றார் மேஸ்திரி. ஒலியியல் பாடநூல் சொல்வதும் இதையேதான்.

அந்தக் கூடத்தின் வரைபடத்தில் இன்னொரு விவரம் கவனத்துக்கு உரியது. மேடைக்கு முன்னால் நடுப்பகுதியில் துளையில்லாத ஜிப்சம் பலகை, சற்றே சாய்வாக. பின்பகுதியிலும் இரு ஓரங்களிலும் மட்டும் ஒலி உறிஞ்சும் பலகை. கூரை முழுவதையும் பஞ்சாக்கினால் கடைசி வரிசைக்குப் பேச்சு போய்ச்சேராது என்பதே காரணம். பேச்சாளரின் குரல் நேராகக் காதை எட்டியபின் 50 மில்லிவினாடிக்குள் வந்துசேரும் எதிரொலிப்பைக் காது தனியாகக் கேட்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்து அதை வலுவாக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் 17 மீட்டர். மேடைக்கு முன் உள்ள கூரையிலிருந்து தெறித்து வரும் ஒலி பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். பின்சுவரில் மோதி முன்வரிசைக்குத் திரும்பும் ஒலி அடங்காது; அதுதான் உண்மையான எதிரொலி. எந்த ஒலியைத் தெறிக்கவிட வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று பிரிப்பதே தொங்கு கூரை வடிவமைப்பின் சாரம். நம் கல்யாண மண்டபங்கள் பலவற்றில் இரண்டும் நடப்பதில்லை. வளைவும் பூவேலையுமாகப் பி.ஓ.பி. பூசி, இடுக்கில் வண்ண விளக்கு வைத்துவிடுகிறார்கள். ஒலிக்கு அது கான்கிரீட்டுக்குச் சமம்.

தெறிக்கவிடும் பலகைக்கும் இலக்கணம் உண்டு. அது அலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கனமாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் தானே அதிர்ந்து அடித்தொனியைத் தின்றுவிடும். சிறிய பலகையைக் கீச்சொலி கண்டுகொள்ளும், 2.7 மீட்டர் அலைநீளமுள்ள 125 ஹெர்ட்ஸ் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

நியூயார்க் லிங்கன் மையத்தில் 1962 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஃபில்ஹார்மானிக் அரங்கு இந்தப் பாடத்தைப் பெரும் செலவில் கற்றது. அதன் ஒலியியல் ஆலோசகர் லியோ பெரானெக், உலகின் பெயர்பெற்ற இசை அரங்குகளைச் சுற்றி ஆராய்ந்து நூல் எழுதியவர். மேடைக்கும் முன்வரிசைகளுக்கும் மேலே அறுகோணப் பலகைகள் நூற்றுக்கும் அதிகமாக, இடைவெளி விட்டு, மேகக்கூட்டம்போலத் தொங்கின. திறந்த நாளிலிருந்தே குறை கிளம்பியது. செல்லோவும் டபுள் பாஸும் கேட்கவில்லை, ஒலியில் வெதுவெதுப்பு இல்லை என்றார்கள். பெல் ஆய்வகத்தார் வந்து அளந்தபோது, மேலிருந்து வரும் முதல் எதிரொலிப்பில் அடித்தொனி குறைவாக இருந்தது தெரிந்தது. பலகைகளின் அளவும் இடைவெளியும் சேர்ந்து அதை வடிகட்டியிருந்தன. வரைபடம் முடிந்தபின் இருக்கைகளைக் கூட்டுவதற்காக அரங்கின் வடிவத்தை மாற்றியதும் ஒரு காரணம். பழியில் பெரும்பங்கு என்னவோ மேகங்களின் தலையில் விழுந்தது. இடைவெளிகளை அடைத்தும் குறை முழுதாகத் தீரவில்லை. 1976-இல் உட்புறத்தையே இடித்துக் கட்டினார்கள். அதுவும் திருப்தி தராமல், மறுபடி புதுப்பித்து 2022-இல் டேவிட் கெஃபன் அரங்கு என்ற பெயரில் திறந்தார்கள்.

அதே பெரானெக்கின் நிறுவனம் அதற்கு முன்பே வெனிசுவேலாவின் கராகஸில் அழகாக வென்றிருந்தது என்பது வேடிக்கை. பல்கலைக்கழக நகரின் ஆலா மாக்னா அரங்குக்குக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ராவுல் வில்லானுவேவா விசிறி வடிவமும் வளைந்த கூரையும் கொடுத்திருந்தார். வளைந்த கூரை ஒலியை ஓரிடத்தில் குவித்துவிடும். அதை உடைக்கப் பலகைகள் தேவை என்று அந்த நிறுவனத்தின் ஒலியியலாளர் ராபர்ட் நியூமன் சொன்னார். அவற்றின் உருவத்தை வரைந்தவர் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். மொத்தம் 31 வண்ணப் பலகைகள், கூரையிலும் பக்கச்சுவர்களிலும். அறுகோணங்கள் அல்ல, ஒன்றைப்போல் ஒன்றில்லாத, சில பலகைகள் ஓர் அறை அளவுக்கே பெரிய, வளைந்த உருவங்கள். 1950-களின் நடுவில் அரங்கு பயன்பாட்டுக்கு வந்தது; 2000-இல் அந்தப் பல்கலைக்கழக வளாகம் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே அளவுப் பலகைகளைச் சீரான இடைவெளியில் அடுக்குவது தொழிற்சாலைக்கு வசதி. ஒலிக்கு அல்ல என்பதற்கு இந்த இரு அரங்குகளும் சாட்சி.

லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நோய் வேறு. 1871-இல் திறந்த அந்தப் பிரம்மாண்டக் குவிமாடத்தின் எதிரொலி நூறாண்டு காலக் கேலிப்பொருள். 1969-இல் குவிமாடத்துக்குக் கீழே கண்ணாடி இழையால் செய்த ‘காளான்கள்’ 135 தொங்கவிடப்பட்ட பிறகே அது அடங்கியது. பின்னாளில் 85 காளான்களே போதும் என்று கண்டு மற்றவற்றை இறக்கிவிட்டார்கள்.

அலுவலகங்களிலும் உணவகங்களிலும் இப்போது பரவும் வடிவம், சுவரைத் தொடாமல் தனித்தனியே தொங்கும் பலகை. அதன் அடிப்பக்கமும் மேற்பக்கமும் ஒலியை வாங்குவதால், ஒரு சதுர மீட்டர் பலகை தன் அளவைவிடக் கூடுதலாக வேலை செய்யும். செங்குத்தாகத் துணி உலர்த்தியதுபோலத் தொங்கும் பேஃபிள்களும் அப்படியே. மேலே காற்றோட்டமும் தீயணைப்புத் தெளிப்பான்களும் தடைப்படாது என்பது கூடுதல் வசதி.

கூரை முடிந்தபின் நடப்பவைதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கின்றன. விளக்குக்காக இரண்டடிச் சதுரம் பன்னிரண்டை எடுத்தால் நாலே கால் சதுர மீட்டருக்கு மேல் உறிஞ்சும் பரப்பு போய்விடும். கணக்குப் போடும்போது அதை யாரும் கழிப்பதில்லை. தடுப்புச் சுவரைத் தொங்கு கூரையோடு நிறுத்திவிட்டால் ஒரு வகுப்பின் பாடம் மேல்வழியாக அடுத்த வகுப்புக்குப் போகும். தடுப்பு தளம் வரைக்கும் எழ வேண்டும். மின்விசிறியைக் கட்டத்தில் கட்டக் கூடாது, தளத்திலிருந்தே அதற்குத் தனிக் கம்பி இறங்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது ஐந்தாறு ஆண்டு கழித்து நடப்பது. பலகை மங்கிவிட்டது என்று பெயின்டரைக் கூப்பிட்டு இரண்டு கோட் எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். நுண்துளை அடைபட்ட பலகை வெறும் அட்டைதான். அழுக்கானால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், போகாவிட்டால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றுங்கள். வேலை ஒப்படைக்கும் நாளில் மீந்த பலகைகளில் ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டு கழித்து அதே வகை கடையில் கிடைப்பது அரிது.