சும்மா ஒரு நாள் சென்னை

"எதுக்கு?"

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துப் பெண்பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னவுடன் எல்லோரும் கேட்டது இதைத்தான். பெற்றோர் கேட்டார்கள், தெருக்காரர்கள் கேட்டார்கள், நிதி தருகிறவர்களும் கேட்டார்கள். நிதி கேட்கும் படிவத்தில் "எதிர்பார்க்கும் பயன்" என்று ஒரு கட்டமே இருக்கிறது. அதில் "சிற்பம் பார்ப்பது, துணி வாங்குவது, கேக் சாப்பிடுவது" என்று எழுதினால் யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் நாங்கள் செய்தது அதைத்தான். ஒன்பது பிள்ளைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்காசு.

தோழர்களே, நம் மக்கள் எதற்கெல்லாம் நகரத்துக்குப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு, சாதிச் சான்றிதழுக்கு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க, கோர்ட்டுக்கு, பரீட்சைக்கு, வேலை தேடி, ஆர்ப்பாட்டத்துக்கு. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் முன்னால் நின்று எதையோ கேட்கிறோம். யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது எங்கள் தெருப் பெண்களில் அநேகமாக யாருக்கும் வாய்த்ததில்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பையை வைத்து எழுதி 2011-இல் வெளிவந்த புத்தகம் ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் நிற்கும் பெண் தனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, வேலை இல்லாமல் சும்மா சுற்றுவதும் ஓர் உரிமைதான் என்பது அவர்கள் வாதம். தலித் பெண்ணுக்கு அந்தச் "சும்மா" இன்னும் பல மடங்கு தூரம்.

இளம்பிள்ளை எப்படிப்பட்ட ஊர் என்று வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் சேலை ஊர். காலையிலிருந்து இரவு வரை விசைத்தறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இங்கே நெய்த சேலை இந்தியா முழுக்கப் போகிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றுவார்கள், சேலையின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவார்கள், குஞ்சம் முடிவார்கள், மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்குவார்கள். ஒரு வாரத்தில் நூறு நிறத்தைத் தொட்டிருப்பார்கள். ஆனால் தீபாவளிக்குத் தங்களுக்கு என்ன நிறம் என்பதை அவர்கள் முடிவுசெய்வதில்லை. மலிவாகக் கிடைத்ததுதான் நிறம்.

வெளியே போவது எங்கள் பகுதியில் வெறும் செலவுக் கணக்கும் இல்லை. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போய்த் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்புக்காக ஏழு வருடம் காத்திருந்த ஊர்களில்தான் நாங்கள் இருக்கிறோம். இங்கே ஒரு தாய் "எதுக்கு?" என்று கேட்டால் அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு அம்மா கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "கூட்டிட்டுப் போ கண்ணு. யாராச்சும் கேட்டா பரீட்சைக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிப்போடு."

இளம்பிள்ளையிலிருந்து சேலத்துக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை இதுபோன்ற பயணத்தில்தான் முழுசாக உணர முடிகிறது. ஒன்பது பேருக்கு டிக்கெட் எடுக்காத பணம் அப்படியே கேக் பணமாக மாறியது. பிறகு ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயில். விடிவதற்குள் இறங்கி, முகம் கழுவி, ஸ்டேஷனிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தோம். எங்கள் திட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சாலையில் இருந்தது. பாந்தியன் சாலை.

இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய மாளிகைக்குப் 'பாந்தியன்' என்று பெயர். 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் 1854-இல் அந்த இடத்துக்கு வந்தது. அன்றைக்கு நம் பாட்டன்மார் அந்த வாசலில் பல்லக்குத் தூக்கியிருக்கலாம், குதிரைக்குப் புல் போட்டிருக்கலாம். இன்றைக்கு டிக்கெட் எடுத்தால் உள்ளே போகலாம்.

அங்கே முக்கியமாகப் பார்க்கவேண்டியது அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள். ஒரு பகுதி சென்னையிலும் இன்னொரு பெரிய பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. அவற்றில் வட்டமான கல் ஒன்று, நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கும் காட்சி. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது. ஒருபுறம் தெருவில் ஆளைத் தூக்கி வீசுகிறது, மறுபுறம் புத்தர் காலடியில் மண்டியிடுகிறது. மேலே மாடி ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புத்தரைவிட அந்த ஜன்னல்கள்தான் பிடித்தன. கையோடு கொண்டுபோன நோட்டில் வரைந்தார்கள். தெருவில் ஏதாவது சண்டை என்றால் எங்கள் ஊரிலும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று ஒருத்தி சொன்னாள்.

அயோத்திதாசப் பண்டிதர் பற்றி அந்த இடத்தில்தான் பேசினோம். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர். 1907-இல் இதே சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தவர். நம் முன்னோர் பௌத்தர்கள், அந்த வரலாற்றைப் பிடுங்கிக்கொண்டுதான் நம்மைத் தாழ்த்தினார்கள் என்று எழுதியவர். வகுப்பறையில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அந்தக் கல்லின் முன்னால் நின்று சொன்னபோது, "அப்ப இதெல்லாம் நம்மளுதாக்கா?" என்று கேட்டார்கள். "நம்மளுதும்தான்" என்றேன்.

அங்கிருந்து துணிக்கு. கோ-ஆப்டெக்ஸ் தலைமையகமும் அதே சாலையில்தான் இருக்கிறது. அதன் அருகே காட்டன் ஸ்ட்ரீட் என்று மக்கள் சொல்லும் துணிக்கடை வரிசை, மீட்டர் கணக்கில் துணி கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்தேன். ஒரே விதி: பிடித்ததை மட்டும் வாங்கவேண்டும். தம்பிக்கு, அம்மாவுக்கு, "உபயோகப்படும்" என்ற பேச்சே கூடாது. அந்த விதியைக் காப்பாற்றுவதுதான் அவர்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒருத்தி முக்கால் மணி நேரம் எதையும் எடுக்கவில்லை. தனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் இன்னொருத்தி ஒரு துணியின் ஓரத்து நூலை உருவி, விரலில் உருட்டி, இழுத்து அறுத்துப் பார்த்தாள். "பாவு காட்டன், ஊடை பாலியஸ்டர். சரிங்களாண்ணா?" கடைக்காரர் சிரித்துவிட்டார். "எந்த ஊரும்மா நீ?" "இளம்பிள்ளைங்க." "அதானே பார்த்தேன்!" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னது வேறு. "அக்கா, அவரு எந்த ஊருன்னுதான் கேட்டாரு. எந்தத் தெருன்னு கேக்கவே இல்ல."

எந்தத் தெரு என்ற கேள்வியோடு வளர்ந்தவர்களுக்கு இது என்னவென்று புரியும். இதை வைத்துச் சென்னையில் சாதி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அதே கேள்வி வேறு வேடத்தில் வரும், "நீங்க சைவமா?" என்று. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடிவைத்த கண்ணகி நகரில் 2020-இல் சுவர் சுவராகப் பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். ஓவியங்கள் அழகுதான், ஆனால் அங்கிருந்து வேலைக்குப் போகும் தூரம் அதனால் குறையவில்லை. இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆனாலும் ஒரு மதியம் முழுக்க அந்தக் கேள்வி இல்லாமல் நடந்தது அவளுக்குக் கிடைத்த அனுபவம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

துணி நமக்கு எப்போதுமே அரசியல்தான். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். சட்டை, பனியன் போடக்கூடாது, இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது, நகை கூடாது, குடையும் செருப்பும் கூடாது. 1931 சென்சஸ் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1927 டிசம்பரில், மகத் மாநாட்டில் பாபாசாகேப் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டுவதையும் நகை போடுவதையும் விடுங்கள், மற்றவர்களைப் போலக் கட்டுங்கள் என்றார். உடுத்துவது அற்ப விஷயம் என்று அவர் நினைக்கவில்லை.

உணவையும் அப்படி நினைக்கவில்லை. அதே மகத்தில், அதே ஆண்டு மார்ச்சில், சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிப்பதற்கு முன் நடந்த மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியையும் மற்றவர் மிச்சத்தையும் உண்பதை நிறுத்துங்கள் என்று பேசினார். என் அம்மாயி பண்டிகைக்கு மறுநாள் பண்ணையக்காரர் வீட்டுப் புறக்கடையில் நின்று முந்தானையில் பலகாரம் வாங்கி வந்தவர். அதை நல்லா இருக்கிறது, நல்லா இல்லை என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை.

சாயங்காலம் எழும்பூரில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கேக் துண்டுகள். ஆளுக்கு ஒன்று, ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி எடுக்கக்கூடாது என்று அவர்களே முடிவுசெய்தார்கள். ஒன்பது துண்டையும் மேஜை நடுவில் வைத்து, ஆளுக்கொரு ஸ்பூனோடு எல்லாவற்றையும் ருசி பார்த்தார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்து ரொம்ப நாளாக ஆசைப்பட்ட சீஸ் கேக்கை வாயில் வைத்ததும் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "த்தூ, புளிச்ச தயிரு மாதிரி இருக்குது. நல்லாவே இல்லக்கா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அம்மாயி ஞாபகம் வந்தது. காசு கொடுத்து வாங்கி, உட்கார்ந்து தின்று, பிடிக்கவில்லை என்று சத்தமாகச் சொல்ல எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது.

இதெல்லாம் நடுத்தர வர்க்க ஆசை, போராட்டத்திலிருந்து திசைதிருப்பும் வேலை என்று சில தோழர்கள் சொல்வார்கள். பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் அலென் தார்பெலோடு சேர்ந்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்து 1966-இல் ஒரு நூல் வெளியிட்டார். கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, ஆனால் உழைக்கும் மக்கள் வருவது மிகக் குறைவு. ரசனை பிறவியில் வருவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள், உண்மையில் அது வீட்டிலும் பள்ளியிலும் பழக்கப்படுத்தப்படுவது என்றார். நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "அவங்களுக்கு ரசனை கிடையாது" என்று சொல்லும் வாய், நாம் ரசனையோடு உடுத்தினால் "திமிரைப் பாரு" என்கிறது. இந்த இரண்டையும் உடைக்க வேண்டியிருக்கிறது. கூலி உயர்வுக்கும் நிலத்துக்கும் வன்கொடுமை வழக்குக்கும் நடுவில் இதையும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

செய்ய நினைக்கும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். சென்னை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. பத்துப் பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள், ஒவ்வொருத்தியோடும் பேச முடியாது. நோட்டும் பென்சிலும் கொடுங்கள், என்ன வரைவது என்று சொல்லாதீர்கள். துணிப் பணத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள். முக்கியமாக, திரும்பி வந்ததும் பயணக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அதைச் சொன்ன நிமிடமே அது பாடமாகிவிடும்.

கட்டுரை கேட்காமலே சில விஷயங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. பாவு, ஊடை பார்த்தவள் நளகிரிச் சிற்பத்து ஜன்னல் வரிசையைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறாள், சேலை பார்டராக வருமா என்று பார்க்க. இன்னொருத்தி வாங்கிய மஞ்சள் துணியை இன்னும் தைக்கவில்லை, எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறாள். அதுவும் சரிதான்.

போன வாரம் அந்தப் பரீட்சை அம்மாவைக் குழாயடியில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார், மெட்ராசுக்கு மகள் எதற்குப் போனாள் என்று. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "சும்மாதான் போயிட்டு வந்தா. ஏன், போவக் கூடாதா?"